600 யார் தூரத்துக்கு எந்தத் துப்பாக்கி ரவை: காற்று விலகலை முன்வைத்து ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணியும் கேள்வியும்

இலண்டனில் வசிக்கும் என் பெறாமகன், மூத்த அண்ணரின் இளைய மகன், சில காலமாக இங்கிலாந்தின் சரே மாவட்டத்திலுள்ள பிஸ்லி சுடுகளத்தில் ஒரு கழகத்தினூடாக நெடுந்தூர இலக்குச் சுடுதலைப் பயின்றுவருகிறான். பிரித்தானியத் தேசிய ரைபிள் சங்கத்தின் போட்டிகள் விம்பிள்டனிலிருந்து 1890 இல் பிஸ்லிக்கு மாறின. அன்றுதொட்டு அந்நாட்டில் இந்த விளையாட்டின் தலைமைக் களம் அதுவே. அங்குள்ள செஞ்சுரி என்னும் களத்தில் 600 யார் (ஏறத்தாழ 549 மீற்றர்) வரையும், ஸ்ரிக்கிள்டவுன் என்னும் களத்தில் 1200 யார் வரையும் சுடலாம். அவன் சுடுவது பெரும்பாலும் 600 யாரில். தரையில் படுத்து, ரைபிளைத் தாங்கியில் வைத்து, தொலைநோக்கிக் குறிகாட்டியினூடாகச் சுடும் எஃப் வகுப்பு என்ற பிரிவில்.

இதுவரை கழகத்தின் பொது ரைபிள்களைப் பாவித்துவந்தவன், சொந்தமாக ஒன்று வாங்க எண்ணினான். பிரித்தானியச் சட்டத்தின்படி எந்த விட்டமுடைய ரைபிள் வேண்டும் என்பதைச் சுடுகலச் சான்றிதழில் முன்கூட்டியே எழுதி, அதற்குக் காவல்துறையின் அனுமதியைப் பெற்ற பின்னரே அதை வாங்க முடியும். ஆகவே வாங்கிச் சுட்டுப் பார்த்து, பிடிக்காவிட்டால் வேறொன்றுக்கு மாறுவது என்பது இலகுவான காரியமன்று. தெரிவு முதலில் தாளில் நடந்தாக வேண்டும். "சித்தப்பா, நீங்கள் எறியம் படிப்பிக்கிறனீங்கள்தானே, இதை ஒருக்காக் கணக்குப் பார்த்துச் சொல்லுங்கோ" என்று அவன் கேட்டதே இந்த ஆய்வின் தொடக்கம். நான் திருகோணமலையில் உயர்தர மாணவர்களுக்கு இணைந்த கணிதம் கற்பிப்பவன். எங்கள் பாடத்திட்டத்தில் எறியங்கள் பற்றிய ஒவ்வொரு வினாவும் வளித்தடையைப் புறக்கணித்தே அமைக்கப்படுகிறது. இந்த வினாவிலோ வளித்தடையைப் புறக்கணித்தால் மிஞ்சுவதற்கு எதுவுமே இல்லை. நான் இதில் இவ்வளவு ஈடுபாடு கொண்டதற்கு அதுவே காரணம்.

துவக்கைப் பற்றிய பேச்சு எங்கள் மாவட்டத்தில் எந்த வீட்டிலும் இலேசான பேச்சன்று என்பதை நான் அறிவேன். இங்கே எழுதப்படுவது கடதாசி இலக்கை நோக்கிய ஒரு விளையாட்டின் இயக்கவியல் மட்டுமே. ஆயினும் அந்தத் தயக்கத்தை ஆய்வுக்கு வெளியே நிறுத்திவைக்க முடியவில்லை. பின்னர் வருவதுபோல, அது கணக்கின் முடிவையே மாற்றியது.

கிடைத்த சான்றுகள்

பெறாமகன் அனுப்பியவை பெரும்பாலும் குறிப்புத் தாள்களின் படங்கள். பிஸ்லியில் ஒவ்வொரு சூட்டுக்குப் பிறகும் இலக்கைக் கீழே இறக்கி, துளையில் ஒரு வட்டக் குறியைச் செருகி, மீண்டும் உயர்த்துவார்கள். சுடுபவர் அந்த இடத்தைத் தன் தாளில் குறித்து, தான் கணித்த காற்றையும் அருகில் எழுதிக்கொள்வார். கழகத்தின் இரண்டு ரைபிள்களால் சுட்ட தாள்கள் வந்தன. ஒன்று .308 வின்செஸ்டர், 155 கிரெயின் சன்னத்துடன். மற்றது .223 ரெமிங்டன், பழைய குழல். இவை ரைபிள் சுடும் ரவைகளின் பெயர்கள்; முன்னுள்ள எண் ஏறத்தாழ அங்குலத்தில் விட்டம். ரவை என்பது சன்னமும் வெடிமருந்தும் கோதும் சேர்ந்த முழுத் தோட்டா, சன்னம் என்பது அதிலிருந்து பறந்து செல்லும் குண்டு, கிரெயின் என்பது சன்னத்தின் திணிவை அளக்கும் அலகு.

.223 தாள்களோடு இலக்கின் அண்மைப் படம் ஒன்றும் வந்தது. அதிலிருந்த துளைகளிற் சில வட்டமாக இல்லை. ஒரு துளை சன்னத்தைப் பக்கவாட்டில் படுக்கவைத்து அழுத்தியதுபோல நீண்டு, ஒரு முனை கூராகவும் மறுமுனை தட்டையாகவும் இருந்தது. கடதாசியின் விளிம்பு ஒரு பக்கம் மட்டும் கிழிந்திருந்தது. சன்னம் முனை முன்னோக்கிப் பறக்காமல் குப்புறப் புரண்டு போயிருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. ".223 இந்தத் தூரத்துக்குச் சரிவராது" என்று அவனுடைய கழகத்தில் ஒருவர் சொல்லியிருந்தார், அவனும் அதை ஏற்று, அந்த ரவையைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டிருந்தான்.

நான் குழலின் முறுக்கு, அதாவது குழலின் உட்புறச் சுருள் வரிகள் சன்னத்தை ஒரு முழுச் சுற்றுச் சுழற்ற எடுக்கும் நீளம், எவ்வளவு என்று கேட்டேன். 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்று பதில் வந்தது. 55 கிரெயின் அளவுள்ள குட்டையான சன்னங்களுக்கு அந்த முறுக்குப் போதும். அவன் சுட்டவை 80 கிரெயின் சன்னங்கள். விட்டம் அதே 5.7 மி.மீ. என்பதால் கூடிய திணிவு முழுவதும் நீளமாகவே சேர்ந்திருக்கிறது. நீண்ட சன்னத்தை நேராக வைத்திருக்க அது வேகமாகச் சுழல வேண்டும். 80 கிரெயினுக்கு 8 அங்குலத்துக்கு ஒரு சுற்றோ அதைவிட இறுக்கமான முறுக்கோ தேவை. மேலும், சுழற்சியால் கிடைக்கும் உறுதி வளியின் அடர்த்தி கூடக் குறைகிறது. சரேயின் குளிர்ந்த வளி இங்குள்ள வளியைவிட அடர்த்தியானது. ஆகவே அந்தத் தாள்கள் குழலைப் பற்றியே சாட்சி சொன்னனவன்றி ரவையைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. .223 ஐ மீண்டும் பட்டியலில் சேர்க்கும்படி சொன்னேன். ரவைகளை ஒப்பிடுவதாகச் சொல்லப்படும் பல விவாதங்கள் உண்மையில் பொருந்தாத குழல்களை ஒப்பிடுபவை என்பது என் எண்ணம்.

ஒப்பிட்ட ரவைகள்

நான்கு ரவைகளை எடுத்துக்கொண்டேன். .223 ரெமிங்டன், 1950 இல் வந்த .222 ரெமிங்டனின் வழித்தோன்றல். 80 கிரெயின் சன்னம் 5.2 கிராம். 6 மி.மீ. பீ.ஆர். நோர்மா, ரெமிங்டன் நிறுவனத்தின் குறுந்தூரப் போட்டி ரவையொன்றை எடுத்து, நீண்ட சன்னங்களுக்கு ஏற்றவாறு 8 அங்குல முறுக்குடன் 1996 இல் சுவீடனின் நோர்மா நிறுவனம் வரையறுத்தது. 300 மீற்றர் சர்வதேசப் போட்டிகளில் பெரிதும் விரும்பப்படுவது. 105 கிரெயின் சன்னம் 6.8 கிராம். 6.5 கிறீட்மோர், அமெரிக்காவின் ஹோர்னடி நிறுவனம் 2007 இல் அறிமுகப்படுத்தியது. நியூயோர்க்கின் லோங் ஐலண்டில் 1874 இல் அயர்லாந்து அணியும் அமெரிக்க அணியும் 800, 900, 1000 யார் தூரங்களில் மோதிய கிறீட்மோர் களத்தின் பெயரைத் தாங்கியது. 140 கிரெயின் சன்னம் 9.1 கிராம். நான்காவதாக .308 வின்செஸ்டர், 1952 இல் வந்தது. சிறு விட்ட ரவைகளின் வரிசையில் அது சேராது. ஆனால் அவன் கையில் பழகிய ரைபிள் அதுவே என்பதால் அளவுகோலாக வைத்துக்கொண்டேன்.

1890களில் பிறந்து இன்றும் செவ்வையாகச் சுடும் 6.5×55 சுவீடிஷ், 1955 இன் .243 வின்செஸ்டர் ஆகியவற்றையும் அவன் கேட்டிருந்தான். முன்னது தரத்தில் கிறீட்மோருக்குப் பக்கத்தில் நிற்பது. ஆனால் புதிய இலக்கு ரைபிள்கள் அதற்கு அரிதாகவே கிடைக்கின்றன. பின்னது பொதுவாக 10 அங்குல முறுக்குடன் வருவதால் நீண்ட சன்னங்களைத் தாங்காது. இரண்டையும் விட்டுவிட்டேன்.

தாமத நேரம்

காற்று சன்னத்தைத் தள்ளிக்கொண்டு போகும் என்பதே எல்லோருடைய முதல் எண்ணம். பாலம் வருமுன் கிண்ணியாத் துறையில் ஓடிய பாதை (ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிய மிதவை) நீரோட்டத்தில் பக்கவாட்டாக இழுபட்டதைப்போல, பறக்கும் நேரம் முழுவதும் சன்னமும் காற்றோடு இழுபடும் என்று, நான் வகுப்பில் கேட்டபோது, மாணவர்களும் சொன்னார்கள். அப்படியானால் விலகல் என்பது காற்றின் வேகத்தைப் பறப்பு நேரத்தால் பெருக்கிய தொகையாக இருக்க வேண்டும். 6 மி.மீ. பீ.ஆர். சன்னம் 600 யாரைக் கடக்க ஏறத்தாழ 0.77 செக்கன் எடுக்கிறது. பக்கவாட்டில் 4 மீ/செ காற்று வீசினால் விலகல் 3 மீற்றருக்கு மேல் வர வேண்டும். உண்மையில் வருவது 56 செ.மீ. அளவே.

காரணம், பக்கக் காற்றில் சன்னம் தன் முனையைத் தன்மேல் மோதும் வளியின் திசைக்குத் திருப்பிக்கொள்கிறது. அதன் பிறகு வளித்தடை அதைப் பின்னோக்கி இழுக்கும்போது, அந்த இழுவையின் ஒரு சிறு கூறு பக்கவாட்டாகச் செயற்படுகிறது. தடையே இல்லாவிட்டால் விலகலும் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு எறியியலாளர் டிடியனின் பெயரால் வழங்கும் விதி இதை ஒரே வரியில் சொல்கிறது: விலகல் என்பது பக்கக் காற்றின் வேகத்தைத் தாமத நேரத்தால் பெருக்கியது, தாமத நேரம் என்பது உண்மையான பறப்பு நேரத்துக்கும், வெற்றிடத்தில் அதே தொடக்க வேகத்துடன் பறந்திருந்தால் எடுத்திருக்கக்கூடிய நேரத்துக்கும் உள்ள வித்தியாசம். இந்த வரியைக் கரும்பலகையில் எழுதியபோது வகுப்பு உடனே நம்பவில்லை. 1887 இலிருந்து வழக்கிலுள்ள சிறிய .22 லோங் ரைபிள் ரவையை உதாரணமாகக் காட்டினேன்: ஒலிவேகத்துக்குச் சற்றுக் கீழே புறப்படும் போட்டி ரவையைவிட, ஒலிவேகத்துக்கு மேலே புறப்படும் வேகமான ரவை 100 யாரில் காற்றில் அதிகமாக விலகுகிறது. ஒலிவேகத்தை ஒட்டித் தடை சட்டென்று உயர்வதால் வேகமான சன்னம் தன் வேகத்தை அங்கேயே இழந்து, கூடுதலாகத் தாமதிக்கிறது. புறப்படும் வேகத்தை மட்டும் பார்ப்பவருக்கு இது புதிராகவே இருக்கும்.

கணிப்பின் முறை

ஜி7 என்னும் நியம சன்ன வடிவத்தின் இழுவைக் குணகம், ஒலிவேகத்துக்கு மேற்பட்ட வீச்சில், மாக் எண்ணின் (வேகத்தை ஒலிவேகத்தால் வகுத்த எண்ணின்) வர்க்கமூலத்துக்கு ஏறக்குறைய நேர்மாறாக மாறுகிறது. இந்த அண்ணளவாக்கத்தை எடுத்துக்கொண்டால் இயக்கச் சமன்பாடு உயர்தர மாணவர் ஒருவர் தொகையிடக்கூடிய வடிவத்துக்கு வந்துவிடுகிறது: வேகத்தின் வர்க்கமூலம் தூரத்துடன் நேர்கோட்டில் குறைகிறது, பறப்பு நேரம், தூரத்தைத் தொடக்க வேகம், இறுதி வேகம் ஆகியவற்றின் பெருக்கல் இடையால் வகுத்த தொகையாகிறது. இவ்வளவு ஒழுங்கான விடை வருமென்று நான் எதிர்பார்க்கவில்லை. வகுப்பில் அதைப் பெற்றுக் காட்டியபோது எனக்கு உண்டான மகிழ்ச்சியை மறைக்கவும் இல்லை. கடல் மட்டம், 15 பாகை வெப்பநிலை, நீண்ட போட்டிக் குழல்களில் வழமையாகக் கிடைக்கும் குழல்வாய் வேகங்கள் ஆகியவற்றை எடுத்துக்கொண்டேன்: .223 க்கு 853 மீ/செ, 6 மி.மீ. பீ.ஆருக்கு 869, கிறீட்மோருக்கு 826, .308 க்கு 899.

600 யாரில் 4 மீ/செ பக்கக் காற்றுக்கு விலகல்கள் இவ்வாறு வந்தன: .223 க்கு 77 செ.மீ., .308 க்கு 64, 6 மி.மீ. பீ.ஆருக்கு 56, கிறீட்மோருக்கு 49. நான்கிலும் மெதுவாகப் புறப்படும் கிறீட்மோரே குறைவாக விலகுகிறது. அதன் சன்னம் நீண்டு மெலிந்து, தன் குறுக்குவெட்டுக்குக் கூடிய திணிவைக் கொண்டிருப்பதால் வேகத்தை மெல்ல மெல்லவே இழக்கிறது, 390 மீற்றரளவில் .308 சன்னத்தின் வேகத்தை எட்டிப்பிடித்து, 480 மீற்றரளவில் 6 மி.மீ. சன்னத்தையும் முந்திவிடுகிறது.

1000 யாரில் இடைவெளி விரிகிறது. கிறீட்மோருக்கு 1.56 மீற்றர், 6 மி.மீ. பீ.ஆருக்கு 1.81, .308 க்கு 2.15, .223 க்கு ஏறத்தாழ 2.65. .223 இன் சன்னம் அந்தத் தூரத்தில் ஒலிவேகத்தை ஒட்டி வந்துவிடுவதால் அதன் கணிப்பை ஓர் அண்ணளவாகவே கொள்ள வேண்டும். அந்த எல்லையைக் கடக்கும் சன்னங்கள் தள்ளாடக்கூடும் என்பது வேறொரு குறை.

வளியின் அடர்த்தியைப் பற்றி ஓர் இடைக்குறிப்பு. கச்சான் காற்று வீசும் ஆடி மாதத்து நண்பகலில், 32 பாகை வெப்பத்தில், திருகோணமலையின் வளி சரேயின் 10 பாகைக் காலை வளியைவிட ஏறத்தாழ 9 சதவீதம் அடர்த்தி குறைந்தது. 6 மி.மீ. பீ.ஆரின் 600 யார் விலகல் இங்கே 52 செ.மீ., அங்கே 57. ஒரே ரவைக்கு இரண்டு இடங்களில் வெளியாகும் அட்டவணைகள் ஒத்துப்போகாததற்கு இதுவும் ஒரு காரணம்.

தாள்கள் சொன்னது

எஃப் வகுப்பு இலக்கின் மைய வட்டம் ஏறத்தாழ ஒரு கலை, அதாவது ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு அகலமுடையது. 600 யாரில் அது 16 செ.மீ. மையத்திலிருந்து 8 செ.மீ. விலகினால் புள்ளி போய்விடும். ஆகவே ஒவ்வொரு ரவையும் காற்றைக் கணிப்பதில் எவ்வளவு பிழையைப் பொறுத்துக்கொள்ளும் என்று கணக்கிட்டேன். .223 பொறுப்பது 0.4 மீ/செ, .308 பொறுப்பது 0.5, 6 மி.மீ. பீ.ஆர். பொறுப்பது 0.57, கிறீட்மோர் பொறுப்பது 0.65. இந்த வடிவில் எழுதும்போதுதான் வித்தியாசங்கள் எவ்வளவு சிறியவை என்பது புலப்படுகிறது. மனிதர் ஒருவர் கொடியின் அசைவைப் பார்த்துக் காற்றை அரை மீற்றர் நுட்பத்துக்குச் சொல்வது கடினம்.

பிறகு .308 தாள்களை மீண்டும் எடுத்து, துளைகளின் கிடைச் சிதறலையும் நிலைக்குத்துச் சிதறலையும் வேறாக்கினேன். காற்றில்லாத காலைகளில் இரண்டும் ஏறக்குறையச் சமம். ஆனால் இரண்டுமே அந்த ரைபிளின் இயல்புத் திறனைவிடப் பெரியவை. காற்று வீசிய பிற்பகல்களில் நிலைக்குத்துச் சிதறல் மாறவில்லை, கிடைச் சிதறல் மட்டும் இரு மடங்குக்கு மேல் போயிருந்தது. .308 க்கு 1 மீ/செ பிழை 16 செ.மீ. விலகலைத் தரும் என்பதைக்கொண்டு பின்னோக்கிக் கணித்தால், அவனுடைய காற்றுக் கணிப்புப் பெரும்பாலும் 1 மீ/செ அளவு தவறிக்கொண்டிருந்தது.

இதை அவனுக்கு எழுதியபோது மறைக்காமல் எழுதினேன். .308 இலிருந்து நான்கில் மிகச் சிறந்த கிறீட்மோருக்கு மாறினால், அதே 1 மீ/செ பிழைக்கு விலகல் 16 இலிருந்து 12 செ.மீ. ஆகும், மையத்துக்குள் வரப் போதாது. அதே .308 ஐ வைத்துக்கொண்டு காற்றைக் கணிக்கும் பிழையைப் பாதியாக்கினால் 8 செ.மீ. ஆகும். புதிய ரைபிள் தரும் நன்மை 4 செ.மீ., காற்றைக் கற்பது தரும் நன்மை 8 செ.மீ. முன்னதற்குப் பணம் வேண்டும், பின்னதற்கு ஒரு பருவகாலம் வேண்டும். ரவைகளின் ஒப்பீடு வீண் என்று நான் சொல்லவரவில்லை. இரண்டு நன்மைகளும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேரக்கூடியவை. ஆனால் எது பெரியது என்பது தெரியாமல் சான்றிதழுக்கு விண்ணப்பிப்பது சரியன்று.

காற்றைக் கற்பது தொடர்பாக அவனுக்குத் தெரியாதிருந்த ஒன்று இருந்தது. அவன் இலக்குக்கு அருகிலிருந்த கொடிகளையே பார்த்துவந்தான். துளை விழுவது அங்கே என்பதால் அது இயல்பான பழக்கம். ஆனால் தொடக்கத்தில் ஏற்படும் சிறு கோண மாற்றம் மீதித் தூரம் முழுவதும் வளர்ந்துகொண்டே போகிறது. 6 மி.மீ. பீ.ஆருக்கு 600 யாரை மூன்று சம பங்காகப் பிரித்துக் கணித்தால், சுடுபவருக்கு அருகிலுள்ள முதற் பங்கில் வீசும் காற்று மொத்த விலகலில் ஏறத்தாழப் பாதியையும், நடுப் பங்கு 36 சதவீதத்தையும், இலக்கை ஒட்டிய பங்கு 15 சதவீதத்தையும் தருகின்றன. ஏனைய ரவைகளுக்கும் விகிதங்கள் பெரிதாக மாறுவதில்லை.

இதைப் புரியவைப்பதற்காக மாணவர் சிலரை ஒரு மாலை இங்குள்ள டச்சுக்குடாக் கடற்கரைக்கு அழைத்துச் சென்றேன். கரையின் ஒரு முனையிலும் கோட்டைப் பக்கத்து மறுமுனையிலும் இடையிலும் கம்புகளில் துணிநாடா கட்டி, ஒரே கணத்தில் மூன்று இடத்துக் காற்றையும் எழுதச் செய்தோம். கோணமலையின் பாறை காற்றை மறிக்கும் முனையில் நாடா தொங்கிக்கிடந்த கணத்தில் நடுக்கரையில் அது கிடையாகப் பறந்தது. மூன்று எண்களின் சாதாரண சராசரியையும், மேற்சொன்ன விகிதங்களில் நிறையிட்ட சராசரியையும் ஒப்பிட்டபோது, இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் பலமுறை 0.5 மீ/செ ஐத் தாண்டியது. பெறாமகனின் பிழையில் எவ்வளவு பங்கு பார்வையின் பிழை, எவ்வளவு பங்கு எந்தக் கொடியைப் பார்ப்பது என்ற பிழை என்பது அந்த மாலையில் விளங்கியது. அந்தக் குறிப்பேட்டின் பக்கங்களைப் படமெடுத்து அவனுக்கு அனுப்பினேன்.

பின்னுதைப்பும் குழல் தேய்வும்

காற்றில்லாத காலைகளின் சிதறலுக்குக் காரணம் பின்னுதைப்பு என்றே கருதினேன். சன்னத்தின் உந்தத்தை மட்டும் எடுத்தால், .223 க்கு 4.4, 6 மி.மீ. பீ.ஆருக்கு 5.9, கிறீட்மோருக்கு 7.5, .308 க்கு 9.0 கி.கி. மீ/செ வருகிறது, வெடிமருந்து வாயுவின் பங்கு இதற்கு மேல். .308 ஐச் சுட்டதும் தன் கண் குறிகாட்டியிலிருந்து விலகிவிடுகிறது, துளை விழுந்த கணத்தைக் காண முடிவதில்லை என்று அவன் எழுதியிருந்தான். சூட்டின்போது ரைபிள் எப்படி அசைந்தது என்பதைக் காண முடியாதவர் தன் பிழையைத் திருத்துவது கடினம். இந்த ஒரு காரணத்துக்காகவே 600 யாரில் 6 மி.மீ. பீ.ஆரை நான் முதலிடத்தில் வைத்தேன்: காற்றில் கிறீட்மோருக்கு 7 செ.மீ. மட்டுமே பின்னால், பின்னுதைப்பில் அதைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு.

குழல் தேய்வைப் பொறுத்தவரை, குழலின் உட்துளைப் பரப்புக்கு எவ்வளவு வெடிமருந்து எரிகிறது என்பது நல்ல சுட்டி. .308, .223, 6 மி.மீ. பீ.ஆர். மூன்றும் அந்த விகிதத்தில் ஏறக்குறைய ஒன்று. கிறீட்மோர் அவற்றைவிட ஏறத்தாழ 20 சதவீதம் கூட, ஆகவே அதன் குழல் விரைவில் தேயும். ஓய்வுநாள்களில் மட்டும் சுடுபவருக்கு இது பல ஆண்டுகள் கழித்து வரும் செலவு.

முடிவை மாற்றிய வீட்டு நிலை

என் முதல் அறிக்கை 6 மி.மீ. பீ.ஆர். என்று முடிந்திருந்தது. அண்ணி தொலைபேசியில் எடுத்தார். அவர் மகனோடும் மருமகளோடும் சிறு பேரப்பிள்ளையோடும் ஒரே அடுக்குமாடி வீட்டில் இருப்பவர். "தம்பி, அவன் சுடுறது களத்திலை, அது பரவாயில்லை. ஆனா மருந்தை வீட்டுக்குள்ளை வைச்சு ரவை அடைக்கிறது எண்டால் நான் ஒத்துக்கொள்ளமாட்டன். நாங்கள் பட்டது காணும்" என்றார். இதற்கு எதிராகச் சொல்ல என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை; சொல்லவும் விரும்பவில்லை.

ரவைகளை வீட்டில் தாமே நிரப்பிக்கொள்ளும் பழக்கம் இந்த விளையாட்டில் எவ்வளவு ஆழமாக வேரூன்றியிருக்கிறது என்றால், பெரும்பாலான ஒப்பீடுகள் அதைச் சொல்லாமலே அடிப்படையாகக் கொண்டுவிடுகின்றன. என் கணிப்பும் அப்படித்தான் அமைந்திருந்தது. ஆயத்த ரவைகளை மட்டுமே பாவிப்பது என்ற நிபந்தனையைப் போட்டதும் படம் மாறிவிட்டது. 6 மி.மீ. பீ.ஆருக்கு மிகச் சில நிறுவனங்களே ஆயத்த ரவை செய்கின்றன. .223 க்கு ஆயத்த ரவை ஏராளம். ஆனால் 80 கிரெயின் சன்னத்தை அதற்குரிய நீளத்தில் பொருத்தினால் ரவை சன்னக்கூட்டுக்குள் (ரைபிளில் ரவைகளை நிரப்பும் கூட்டுக்குள்) அடங்காது என்பதால், ஆயத்த ரவைகள் பெரும்பாலும் 77 கிரெயினோடு நின்றுவிடுகின்றன. 77 கிரெயினுக்கு 838 மீ/செ தொடக்க வேகத்துடன் கணித்தால் 600 யார் விலகல் 77 இலிருந்து ஏறத்தாழ 95 செ.மீ. ஆக உயர்கிறது. கழகங்களில் .223 ஐப் புகழ்பவரும் இகழ்பவரும் வேறு வேறு ரவைகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுவது இதனாலேயே.

மிஞ்சியவை இரண்டு. .308 155 கிரெயின் போட்டி ரவை பிரித்தானியாவில் இலகுவாகக் கிடைக்கும். எஃப் வகுப்பின் டி.ஆர். பிரிவு .223, .308 ஆகிய இரண்டுக்கு மட்டுமே உரியது என்பதால், அந்தப் பிரிவில் சமமானவர்களோடு போட்டியிடவும் முடியும். கிறீட்மோரோ தொடக்கத்திலிருந்தே கடையில் வாங்கிய ரவையோடு போட்டிக்குப் போகலாம் என்ற நோக்கத்துடன் உருவாக்கப்பட்டது. 140 கிரெயின் போட்டி ரவை பெட்டியிலிருந்து எடுத்தபடியே என் கணிப்பிலுள்ள வேகத்தைத் தருகிறது. ஆனால் அது திறந்த பிரிவில் மட்டுமே செல்லும்; அங்கே 1963 இன் .284 வின்செஸ்டர் போன்ற 7 மி.மீ. ரவைகளோடு, 180 கிரெயின் சன்னங்களோடு மோத வேண்டும். வெற்றிக் கிண்ணம்தான் நோக்கமென்றால் .308 ஐ எடுத்து டி.ஆர். பிரிவுக்குப் போகும்படி சொல்லியிருப்பேன். அவன் கேட்டது தன் பிழையைத் தானே காணக்கூடிய ரைபிள். உந்தத்தில் 17 சதவீதம் குறைவு, காற்று விலகலில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைவு என்ற இரண்டையும் கொண்டு 6.5 கிறீட்மோர் என்று எழுதினேன். சான்றிதழுக்கான விண்ணப்பமும் அப்படியே போயிற்று.

பின்னர் வந்த தாள்கள்

அனுமதி கிடைத்து, 8 அங்குல முறுக்குடைய கனமான குழலோடு ரைபிள் வந்த பிறகு அனுப்பப்பட்ட தாள்களில் முதலில் மாறியது நிலைக்குத்துச் சிதறல். காற்றில்லாத காலைகளில் துளைகள் மைய வட்டத்துக்குள் நின்றன. சூட்டின் பின்னும் இலக்கைக் குறிகாட்டியில் காண முடிவதாக எழுதியிருந்தான். கிடைச் சிதறல் முதலில் எதிர்பார்த்த அளவு மட்டுமே, ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு, குறைந்தது. பிற்பாடு தாள்களின் ஓரத்தில் ஒரு காற்று எண்ணுக்குப் பதிலாக மூன்று எண்கள் தோன்றத் தொடங்கின: அருகு, நடு, தூரம். அந்தத் தாள்களில் கணிப்புப் பிழை 1 மீ/செ இலிருந்து படிப்படியாக இறங்குவதைக் காண்கிறேன். ஆனால் காற்றுத் திசை மாறும் நாள்களில், பின்னாலிருந்து வீசிய காற்று சற்றே இடமாகவும் வலமாகவும் அலையும்போது, அவன் இன்னும் தடுமாறுகிறான். பக்கக் கூறு கோணத்தின் சைனோடு மாறுவதால், பின்காற்று 15 பாகை திரும்பினாலே அதன் வேகத்தில் கால் பங்கு பக்கக் காற்றாகிவிடும். 4 மீ/செ காற்றில் இடமிருந்து வலமாக அப்படி ஓர் அலைவு 2 மீ/செ மாற்றத்துக்குச் சமம். முழுப் பக்கக் காற்றைவிட இதுவே கடினமானது என்று அவனுக்கு எழுதியிருக்கிறேன்.

இப்போது அவன் ஸ்ரிக்கிள்டவுனில் 1000 யாருக்குச் செல்ல விரும்புகிறான். அங்கே இதுவரை பொருட்படுத்தாத ஒன்று முன்னே வருகிறது. குழல்வாய் வேகம் ரவைக்கு ரவை 5 மீ/செ மாறினால், கிறீட்மோருக்கு 600 யாரில் அதன் விளைவு நிலைக்குத்தாக 4 செ.மீ. அளவே, 1000 யாரில் அது 14 செ.மீ., அதாவது மைய வட்டத்தின் அரை அகலத்தைவிடச் சற்றுக் கூட. ஆயத்த ரவை என்ற நிபந்தனை அங்கே விலை கேட்கக்கூடும். ஆகவே அவன் வாங்கும் பெட்டிகளின் வேகச் சிதறலைக் கழகத்தின் வேகமானியில் அளந்து அனுப்பும்படி கேட்டிருக்கிறேன்; அந்த அளவீடு வந்த பிறகே 1000 யாருக்குரிய கணிப்பைத் தொடங்குவேன்.